அரைக் கட்டை கீழே

1982-இல் எங்கள் வீட்டில் பால் காய்ச்சும் குண்டானில் நான் கிட்டார்க் கம்பியை வேகவைத்தேன். தடித்த கம்பிகள் மூன்றையும் கழற்றிச் சுருட்டி, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போட்டு, பத்து நிமிஷம் விட்டு எடுக்க வேண்டும். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியிருக்கும். அந்தக் கம்பிகளின் மேல் இன்னொரு மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். அந்தச் சுற்றின் இடுக்கில் விரல் வியர்வையும் அழுக்கும் போய் அடைந்துகொண்டால் ஒலி செத்துப்போகும், பலகையைத் தட்டுவதுபோல. வேகவைத்தால் அழுக்கு விட்டு, நாலைந்து நாளைக்குக் கம்பி மறுபடியும் பேசும். அப்புறம் பழைய கதைதான். அம்மா வந்து குண்டானை எட்டிப் பார்த்துவிட்டு, "உப்பு போட்டியா?" என்றாள். அன்றைக்குச் சாயந்திரம் எனக்குக் காப்பி கிடையாது.

இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர் எதிர் குவார்ட்டர்ஸ் அங்கிள். பொன்மலை ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அப்போது நிறைய இருந்தன. 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை இங்கே வந்தபோது அவர்களும் வந்தார்கள். டிரைவர், கார்டு, ஃபோர்மேன் என்று தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். எங்கள் அப்பா ஃபிட்டர். அங்கிள் லோகோ டிரைவர். மேல்சட்டை இல்லாமல் வாசலில் ஈஸிசேரில் உட்கார்ந்து, ஜிம் ரீவ்ஸ் என்ற அமெரிக்கப் பாடகரின் பாட்டை வாசிப்பார். கிறிஸ்துமஸுக்கு ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸ் நடக்கும்போது மேடையில் கோட்டு போட்டுக்கொண்டு வாசிப்பார். நாங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்போம்.

காலனி முழுக்கத் தேடினால் மூன்று கிட்டார் இருந்திருக்கும். கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் மூன்றில் ஒன்றுக்குச் சொந்தக்காரர் மனசு வைக்க வேண்டும். நான் அங்கிளுக்கு ரேஷன் கடையில் வரிசை நின்றேன், கெரசின் வாங்கி வந்தேன், அவருடைய கிழட்டு நாயை நடக்கவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கம், மேன்" என்று கூப்பிட்டு கிட்டாரை மடியில் வைத்தார். முதல் பாடம் வாசிப்பதைப் பற்றியது இல்லை, சுருதி சேர்ப்பது. அவரிடம் ஒரு மவுத் ஆர்கன் இருந்தது. அதை ஊதி ஆறாவது கம்பியைச் சேர்ப்பார். பிறகு அதன் ஐந்தாம் ஃபிரெட்டை, அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த ஐந்தாவது மெட்டை, அமுக்கி மீட்டினால் வருகிற ஒலியும், ஐந்தாம் கம்பியைத் திறந்து மீட்டினால் வருகிற ஒலியும் ஒன்றாக வேண்டும். இப்படியே ஒன்றிலிருந்து ஒன்று. மூன்றாம் கம்பிக்கு மட்டும் நாலாம் ஃபிரெட். இரண்டு ஒலியும் நெருங்கி வரும்போது காற்றில் ஒரு அலை அடிக்கும், வ்வா... வ்வா... வ்வா என்று. முறுக்காணியைத் திருகத் திருக அந்த அலை மெதுவாகி, ஒரு நொடியில் நின்றுபோகும். அது நிற்பதைக் கேட்க எனக்கு ஒரு மாதம் ஆனது. அதுவரை அவர் கார்டு என்கிற சுரக்கூட்டு ஒன்றைக்கூடச் சொல்லித்தரவில்லை.

இன்றைக்கு கிட்டாரின் தலையில் துணிக் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டுகிறோம். கம்பியின் அதிர்வை மரத்திலிருந்தே உணர்ந்து, சரியானால் பச்சை விளக்கு காட்டுகிறது. ஃபோனில் செயலியாகவும் கிடைக்கிறது. ஆறு கம்பிக்கும் சேர்த்து ஒரு நிமிஷம். அங்கிளின் ஒரு மாதம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். காது அப்படித்தான் தேறியது. ஆனால் அந்த ஒரு மாதத்திலேயே சலித்துப்போய் ஓடியவர்கள் என் வயதில் நாலு பேர். அவர்களில் ஒருவன் என்னைவிட நன்றாகப் பாடுவான். அந்தப் பச்சை விளக்கு அன்றைக்கு இருந்திருந்தால் அவன் நின்றிருப்பான்.

கம்பி அறுந்தால் அது ஒரு குடும்பப் பிரச்சினை. திருச்சியில் நல்ல கம்பி கிடைக்காது. மெட்ராஸில் மவுண்ட் ரோட்டில் மியூசி மியூசிக்கல் என்ற கடை, 1842-இல் மிஸ்கித் கம்பெனியாகத் தொடங்கியது; லண்டன் டிரினிட்டி காலேஜ் பரீட்சைகளுக்கும் அதுதான் வாசல். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் யார் எழும்பூர் போனாலும் ஒரு செட் வாங்கிவரச் சொல்வோம். ஆள் போய்த் திரும்பும்வரை ஐந்து கம்பியில் வாசிப்பு. ஒருமுறை பொறுமை இழந்து, மலைக்கோட்டைப் பக்கத்துக் கடையில் வீணைக் கம்பி வாங்கி முதல் கம்பியாகக் கட்டினேன். ஒலித்தது, என்ன, கொஞ்சம் கிறீச்சென்று. பிக் என்கிற வில்லையை சோப்பு டப்பா மூடியில் வெட்டிச் செய்துகொள்வோம். பழைய எக்ஸ்ரே படத்திலும் வெட்டலாம், ஆனால் சீக்கிரம் மடங்கிவிடும். பாட்டு நம் குரலுக்கு ஏறவில்லையென்றால் கேப்போ போட வேண்டும். அதாவது ஆறு கம்பியையும் ஒரே ஃபிரெட்டில் அமுக்கிப் பிடிக்கும் கிடுக்கி. அதை நாங்கள் கண்ணாலும் பார்த்ததில்லை. அங்கிள் ஒரு பென்சிலைக் கம்பிகளுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு பக்கமும் ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டுவார். வேலை நடக்கும்.

கையிலிருந்த கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றைக்கு நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டுகிற கிட்டார்கள் பெரும்பாலும் கல்கத்தாவிலிருந்து வந்தவை. எங்கள் கைக்கு வந்தவற்றில் கம்பி பலகையிலிருந்து எழும்பி நிற்கும், அமுக்கினால் வெட்டும். இடது கை நுனி விரல்களில் முதல் வாரம் கோடு விழும், இரண்டாம் வாரம் கொப்புளம், மூன்றாம் வாரம் தோல் உரிந்து அதன் கீழே காய்த்துப்போகும். காய்ப்பு வந்தவன்தான் வாசிக்கிறவன். சாப்பிடும்போது அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொள்வேன். அதில் ஒரு பெருமை.

அந்த 1982-இல் வெளிவந்த படம்தான் 'பயணங்கள் முடிவதில்லை'. அதில் 'இளைய நிலா'. எங்கள் தலைமுறையில் கிட்டார் தொட்டவர்கள் பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால், எட்டுப் பேர் அந்தப் பாட்டின் தொடக்கத்துக்காகத்தான் தொட்டிருப்பார்கள். கார்டை மொத்தமாக அடிக்காமல் ஒவ்வொரு கம்பியாகப் பிரித்து மீட்டிக்கொண்டே போகிற அந்த ஓட்டம், தமிழ்ப் பாட்டில் கிட்டாருக்குக் கிடைத்த ராஜ மரியாதை. அதற்குக் காரணம் இருந்தது. இளையராஜாவே கிட்டார்காரர். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, டிரினிட்டியில் கிளாசிக்கல் கிட்டார் பரீட்சை எழுதியவர். 1976-இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன் ஸ்டூடியோக்களில் மற்றவர்கள் இசைக்குக் கிட்டார் வாசித்தவர். 'இளைய நிலா'வில் வாசித்தவர் சந்திரசேகர் என்பது எனக்குத் தெரிய முப்பது வருஷம் ஆனது. கேசட் அட்டையில் வாத்தியக்காரர் பெயரைப் போடுகிற வழக்கமே இல்லை. பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், அவ்வளவுதான். இப்போது பள்ளிக்கூடப் பையன்கூட இந்த இடத்தில் பேஸ் யார், லீட் யார் என்று பெயர் சொல்கிறான். இந்த ஒரு மாற்றத்துக்காகவே இந்தக் காலத்தை நான் மன்னிப்பேன்.

அந்தத் தொடக்கத்தை நான் கேசட்டில் கேட்டுக் கேட்டுப் பிடித்தேன். ஒரு துளி கேட்பது, நிறுத்துவது, கிட்டாரில் தேடுவது, ரீவைண்டு பண்ணுவது, மறுபடி. எங்கள் டேப்ரெக்கார்டரில் அந்த பட்டன் நாளடைவில் தொய்ந்துபோய், விரலை எடுத்தாலும் எழும்பாது. பாட்டில் அந்த இடத்தில் மட்டும் நாடா தேய்ந்து ஒலி மங்கியது. இரண்டு மாதம். இன்றைக்கு அதே பாட்டை யூட்யூபில் போட்டு வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் சுருதி மாறாமல் மெதுவாக ஓடுகிறது. எந்தக் கம்பி, எந்த ஃபிரெட் என்று எண் போட்டுத் திரையில் நகர்த்திக் காட்டுகிறார்கள். அந்த ஒரு பாட்டைச் சொல்லிக்கொடுக்க எத்தனையோ பேர், தமிழில், மலையாளத்தில், ஆங்கிலத்தில். ஜஸ்டின் சான்டர்கோ என்கிற ஆஸ்திரேலியர் 2003-இலிருந்து முழுப் பாடத்திட்டத்தையும் இலவசமாகவே வைத்திருக்கிறார். நாய் நடக்கவிட வேண்டாம், கெரசின் வாங்க வேண்டாம்.

டேப்ரெக்கார்டர் விஷயத்தில் எனக்குத் தெரியாமல் ஒன்று நடந்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டில் எதிர்ப்பு இருந்தது. அதற்குச் சினிமாவும் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. 1979-இல் 'நினைத்தாலே இனிக்கும்' படத்தில் கமல் கிட்டாரும் கையுமாக சிங்கப்பூரெல்லாம் சுற்றுவார்; காதலிக்குத் தீராத நோய். 1980-இல் 'மூடுபனி'. பிரதாப் போத்தன் கிட்டார் வாசித்து அவ்வளவு இதமாகப் பாடுவார், ஆள் கொலைகாரன். 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை'யில் மோகன், அவருக்கே புற்றுநோய். வரிசையாக மூன்று படம் பார்த்த எந்தத் தாய் மகன் கையில் கிட்டாரைக் கொடுப்பாள்? "கிட்டார் வாசிக்கிறான்" என்பது "சிகரெட் பிடிக்கிறான்" என்பதற்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வேலை கிடைத்தால் எல்லாம் தானாக நின்றுவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நின்றது. 1987-இல் வங்கி வேலை. முதல் போஸ்டிங் விழுப்புரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில். அதற்குள் அங்கிள் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போய்விட்டார். போகும்போது 250 ரூபாய்க்குக் கிட்டாரை எனக்குத் தந்தார். அது இரண்டு வருஷம் என் கையில் இருந்தது, முப்பத்திரண்டு வருஷம் பரணில் இருந்தது. இதில் எனக்கு மட்டும் நேர்ந்த சோகம் ஒன்றும் இல்லை. என்னோடு வாசித்தவர்கள் எல்லோருமே அப்படித்தான். பையனுக்கு பிளஸ் டூவில் ஆரம்பித்து வேலை கிடைக்கும்வரை கிட்டார். பெண்ணுக்குப் பத்து வயதில் ஆரம்பித்துக் கல்யாணம்வரை வீணை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் ஒரு கீர்த்தனை வாசித்துக் காட்டியதோடு வீணைக்கு உறை போட்டுவிடுவார்கள். இதற்கு மேல் யாராவது விடாமல் வாசித்தால் அவர் தொழில்காரராக இருக்க வேண்டும். லைட் மியூசிக் குழுவிலோ ஸ்டூடியோவிலோ. நாற்பது வயதில் ஒருவர் ஆபீஸ் விட்டு வந்து, சும்மா, தனக்காகக் கிட்டார் வாசிப்பது என்று ஒரு வழக்கம் எங்கள் உலகத்தில் இல்லை. அங்கிள் வாசித்தார்தான். ஆனால் ஆங்கிலோ இந்தியர்களை நாங்கள் வேறு மாதிரி ஆட்களாக நினைத்திருந்தோம்.

அதுதான் இப்போது மாறியிருக்கிறது. கருவி மலிந்தது, பாடம் மலிந்தது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம். வயசு வரம்பு சத்தமில்லாமல் எடுபட்டுப்போனதை யாரும் பேசுவதில்லை. என் காலை நடைக் கூட்டாளிகளில் இரண்டு பேர் கிட்டார் பழகுகிறார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பன்னிரண்டாம் ஃபிரெட் கம்பியின் சரிபாதியில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு, ஒவ்வொரு ஃபிரெட்டும் ஏன் முந்தியதைவிடக் குறுகுகிறது என்று எனக்கு நடந்துகொண்டே விளக்கினார். இரண்டின் பன்னிரண்டாம் மூலமாம். அவருக்குப் பாட்டு இன்னும் வரவில்லை. ஆனால் மனுஷன் சந்தோஷமாக இருக்கிறார்.

நான் 2019-இல் பரணிலிருந்து இறக்கியபோது அங்கிளின் கிட்டார் வில்லாக வளைந்திருந்தது. இரும்புக் கம்பி ஆறையும் சுருதியில் ஏற்றிக் கட்டினால் அந்தக் கழுத்தை இழுக்கிற மொத்த விசை சுமார் 70 கிலோ. ஒரு ஆள் முப்பத்திரண்டு வருஷம் இரவும் பகலும் தொங்கினால் மரம் என்ன செய்யும்? கம்பியைத் தளர்த்தி வைத்திருக்க வேண்டும்; எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. கீழே கம்பி கட்டும் பிரிட்ஜ் ஒரு பக்கம் பெயர்ந்து நின்றது. ரிப்பேர் பார்க்கிற பையன் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அங்கிள், இதுல டிரஸ் ராடே இல்லயே" என்றான். கழுத்துக்குள் ஓடுகிற இரும்புக் கம்பி அது. சாவி போட்டுத் திருகினால் வளைவு நிமிரும். இன்றைக்குச் சாதாரண கிட்டாரிலும் இருக்கிறது. எனக்கோ அவன் சொன்னதில் முதல் வார்த்தைதான் காதில் நின்றது. நான் அங்கிள் ஆகிவிட்டேன்.

புதிது ஒன்று வாங்கினேன். எட்டு, பத்தாயிரம் ரூபாயில் இன்று கிடைக்கிற கிட்டார், அன்று நாங்கள் இன்ஸ்டிட்யூட் ஜன்னல் வழியே பார்த்து ஏங்கியதைவிட நல்ல கருவி. கம்பி தாழ்ந்து நிற்கிறது, விரல் வெட்டுப்படுவதில்லை, சுருதி நிற்கிறது. யமஹாவே சென்னைக்குப் பக்கத்தில் ஆலை வைத்துக் கிட்டார் செய்கிறது. முதல் நாள் எடுத்து உட்கார்ந்தபோது எனக்கு ஒரு கார்டுகூட ஞாபகம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கையை அதன் போக்கில் விட்டேன். விரல்கள் ஏ மைனரில் போய் உட்கார்ந்தன.

எல்லாம் மாறியது என்று சொல்லிக்கொண்டே போனால் பொய்யாகிவிடும். எஃப் கார்டு மாறவில்லை. ஆள்காட்டி விரலை நீட்டி ஆறு கம்பியையும் ஒன்றாக அமுக்க வேண்டும், மற்ற விரல்கள் அதற்கு முன்னால் வேறு வேலை பார்க்க வேண்டும். முதல் ஆறு மாதம் இரண்டாம் கம்பி 'தப்' என்றுதான் சொல்லும். கிட்டாரைத் துறந்தவர்களின் பெயர்களையெல்லாம் பொறித்து வைத்தால் அந்தக் கல்லின் தலைப்பில் எஃப் என்றுதான் போட வேண்டும். ஃபெண்டர் கம்பெனியின் தலைவராக இருந்த ஆண்டி மூனி சொன்ன கணக்கு ஒன்று உண்டு: புதிதாகக் கிட்டார் வாங்குபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஓராண்டுக்குள் நிறுத்திவிடுகிறார்கள். 2020-இல் ஊரடங்கின்போது உலகம் முழுக்கக் கிட்டார் விற்றுத் தீர்ந்ததே, அவற்றில் பெரும்பகுதி இப்போது அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில்தான் நிற்கும். எதுவும் கிடைக்காத காலத்தில் ஒரே பாட்டோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டினோம். வேறு வழி இல்லை. இன்றைக்கு இந்தப் பாட்டு வரவில்லையென்றால் அடுத்த பாட்டுக்கு விரல் தானாகத் தள்ளிப்போகிறது. பதினைந்து பாட்டின் முதல் பத்து நொடியை அழகாக வாசிக்கிற பையன்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு கூட்டம், கிரேடுக்காரர்கள். அடுக்குமாடியில் லிஃப்டில் கிட்டார்ப் பையோடு குழந்தை ஏறினால் பெரியவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எந்த கிரேடு?" என்பதுதான். 2020-க்குப் பிறகு வீட்டிலிருந்தே வீடியோ எடுத்து அனுப்பி டிரினிட்டி பரீட்சை கொடுக்கவும் முடிகிறது. பரீட்சை தப்பு என்று சொல்லவில்லை, ராஜாவே எழுதியதுதான். ஆனால் மூன்று பீஸை வருஷம் முழுக்க உருப்போட்டு, சர்ட்டிஃபிகேட் வாங்கி, அடுத்த கிரேடுக்கு அடுத்த மூன்று பீஸ். எட்டு வருஷம் கழித்தும் வீட்டுக்கு வந்தவர்கள் ஒரு பாட்டுப் பாடினால் கூட வாசிக்கத் தெரிவதில்லை. அப்பா அம்மா கட்டிய பணத்துக்கு இது நியாயமா என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

என் அக்கா கிட்டார்காரியானது இப்படி ஒரு கிரேடின் புண்ணியத்தில்தான். அக்காவுக்கு என்னைவிட மூன்று வயது அதிகம். பொன்மலையில் வீணை படித்தாள், பதினோரு வருஷம். 1984-இல் கல்யாணம், வீணை மாமியார் வீட்டில் முன்கூடத்துக் கண்ணாடி அலமாரிக்குப் போனது. அவளுக்குக் கிட்டாரின் மேல் அப்போதே ஒரு கண் இருந்தது என்பது எனக்குத் தெரியும். பெண்பிள்ளை அங்கிள் வீட்டு வாசலில் உட்கார்ந்து கிட்டார் பழகுவது என்பது பேச்சுக்கே இடமில்லாத காலம். இப்போது ஸ்ரீரங்கத்தில் இருக்கிறாள். பேரனுக்கு வாங்கிய நைலான் கம்பிக் கிட்டார் இரண்டாவது கிரேடோடு மூலைக்கு வந்துவிட்டது. 2020-இல் கதவடைத்து உட்கார்ந்திருந்தபோது அதைத் துடைத்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு ஐம்பத்தெட்டு.

நைலான் கம்பிக்கு ஒரு கதை இருக்கிறது. ஒரு காலத்தில் ஆட்டுக் குடலைத் திரித்துத்தான் கிட்டார்க் கம்பி செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் குடல் நூல் முழுக்கக் காயம் தைக்கப் போய்விட, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலான் இழையில் செய்து பார்த்தார். ஸ்பெயின் மேதை ஆந்த்ரே செகோவியா அதை வாசித்துப் பரப்பினார். விரலுக்கு மெத்தென்று இருக்கும், வயசான கைக்கு நல்லது. ஆனால் அக்காவுக்கு அது ஒத்துவரவில்லை. வீணைக்காரி. இடது கை கம்பியை அமுக்கியதும் பக்கவாட்டில் இழுக்கப் பார்க்கும். சுரத்தை அசைக்கிற கமகம் அங்கேதான் பிறக்கிறது. நைலானை எவ்வளவு இழுத்தாலும் சுரம் அரைகுறையாகத்தான் ஏறும். "ரப்பரை இழுக்கிற மாதிரி இருக்குடா" என்றாள். மெல்லிய இரும்புக் கம்பி போட்ட கிட்டார் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்குச் சாயந்திரம் ஒரே கம்பியில் தோடி ராகத்துக் காந்தாரத்தை அசைத்துக் காட்டினாள். கிட்டாரில் கர்நாடக சங்கீதத்தை மேடையேற்ற முடியும் என்று சுகுமார் பிரசாத்தும், பிறகு பிரசன்னாவும் செய்து காட்டியதை நான் கேட்டிருக்கிறேன். கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து, நைட்டியும் மூக்குக் கண்ணாடியுமாக ஒருத்தி அதைச் செய்து நான் பார்த்தது அன்றுதான்.

அவளுடைய வாத்தியார் கோழிக்கோட்டில் இருக்கிற பொறியியல் மாணவன். வாரம் இரண்டு நாள் வீடியோ காலில் வருவான். அவளை "மேம்" என்பான். பாதிப் பாடத்தில் அவளிடமிருந்து கமகம் கற்றுக்கொள்வான். ஆள்காட்டி விரல் மூட்டில் வலி என்றதும், எஃப் கார்டை முழுக்க அமுக்க வேண்டாம், நாலு கம்பி போதும் என்று சொல்லிவிட்டான். அங்கிளாக இருந்தால் விட்டிருக்கமாட்டார். எனக்கு அந்தப் பையனின் கட்சிதான் சரியென்று படுகிறது. அறுபதில் பழகுகிறவர் யாருக்கு நிரூபிக்க வேண்டும்? ஒரு குறை மட்டும். வீடியோ காலில் இரண்டு பேர் சேர்ந்து வாசிக்க முடியாது. ஒலி போய்ச்சேர ஒரு இம்மி தாமதம். அவன் தாளம் இங்கே வருவதற்குள் இவள் அடுத்த அடிக்குப் போயிருப்பாள். அவன் வாசித்துக் காட்டுவான், நிறுத்துவான், இவள் வாசிப்பாள். அங்கிள் செருப்புக்காலால் தரையைத் தட்டிக்கொண்டே என்னோடு வாசிப்பாரே, என் தப்பையும் தூக்கிக்கொண்டு ஓடுகிற அந்த வாசிப்பு, அது இதில் இல்லை. அதற்காகத்தான் மாதம் இரண்டு ஞாயிறு நான் ஸ்ரீரங்கம் போகிறேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை 'இளைய நிலா'வை யூட்யூபில் போட்டு, கூடவே நானும் வாசித்தேன். என்னவோ இடித்தது. கிட்டார் சுருதி சரி. கிளிப் பச்சை காட்டுகிறது. ஆனால் பாட்டு மேலே போகிறது, நான் கீழே இருக்கிறேன், சரியாக அரைக் கட்டை. எல்லாக் கார்டையும் ஒரு ஃபிரெட் தள்ளிப் போட்டேன். பொருந்திவிட்டது.

யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. எங்கள் டேப்ரெக்கார்டரில் நாலு பெரிய பாட்டரி போட வேண்டும். பாட்டரி வாங்குவது மாதக் கடைசியில் நடக்காத காரியம். பாட்டரி தளர்ந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் சுருதி இறங்கும். கொஞ்சமாக இறங்கினால் காதுக்குத் தெரியாது. செத்துக்கொண்டிருந்த பாட்டரியிலிருந்துதான் நான் அந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். இளையராஜா போட்ட இடத்துக்கு அரைக் கட்டை கீழே, என் விரல்கள் அதை அங்கேயே வைத்துப் பூட்டிக்கொண்டன.

அக்காவிடம் சொன்னேன். அவள் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "அப்பவே தெரியும்டா" என்றாள்.

"தெரிஞ்சு ஏன் சொல்லல?"

"பாட்டரி வாங்க அப்பாகிட்ட காசு இல்ல. சொன்னா நீ நிறுத்திருவ. எதுக்குச் சொல்லணும்?"

கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பாட வேண்டும். அவளுடைய சுருதி ஐந்தரைக் கட்டை. நான் ஐந்துக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். கேப்போ போட்டால் தீர்ந்தது. ஆனால் பேரன் அதை எங்கேயோ எடுத்துப் போய்விட்டான். சோபா இடுக்கில், டிவி மேல், பூஜை அலமாரி ஓரத்தில் எல்லாம் தேடினோம். கடைசியில் அக்கா அவனுடைய பென்சில் டப்பாவைத் திறந்தாள். பால் பாக்கெட் கட்டி வந்த ரப்பர் பேண்டு சமையலறை ஆணியில் கொத்தாகத் தொங்கியது. பென்சிலை முதல் ஃபிரெட்டுக்கு ஒட்டி வைத்து, கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் இரண்டு சுற்றுச் சுற்றினேன். மீட்டிப் பார்த்தேன். இரண்டாம் கம்பி 'தப்' என்றது.

"இன்னொரு சுத்து போடு" என்றாள் அக்கா.